சஃபர் பிறை முப்பது

…சரி, சரி, சரி… ஸ்கிரிப்ட் எழுதி வைக்கிற லாக்கில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சரி என்றே விழுந்திருக்கிறது, ஒருத்தனுக்காவது தப்பு என்று வரக்கூடாதா, பூம்பூம் மாடு மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு… ஸ்ரீனிவாசன் மவுஸை உருட்டிக்கொண்டே போனான், நாற்பத்தோராவது வரிசை, அழகுமலை, வெல்டர், தம்மாம் சைட், சரி. என்னய்யா சரி? ஆள் வெள்ளிக்கிழமையிலிருந்து சவூதியில், தம்மாம் போலீஸ் காவலில் உட்கார்ந்திருக்கிறான், சோப்பு வாங்கக் கடைக்குப் போன இடத்தில் செக்கிங், இக்காமா, அதான் அங்கே தங்குகிற அனுமதி அட்டை, முடிந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது என்று அப்படியே வண்டியில் ஏற்றிவிட்டார்கள், எல்லைக்கு இந்தப் பக்கம் முசஃபா ஆபீஸ் கம்ப்யூட்டர் அவனுக்குச் சரி போட்டு வைத்திருக்கிறது. மணி பதினொன்றே கால். ஒரு மணிக்குள் கடிதம் வேண்டும் என்கிறார் சேதுமாதவன், அட்மின் மேனேஜர், எதையும் ரெண்டு வரிக்குமேல் படிக்காத மனுஷன், “ஸ்ரீனி, சிஸ்டத்துல அவனுக்கு நோட்டீஸ் போச்சா இல்லையா, அது மட்டும் எழுதிக் குடு, லாக்ல சரின்னுதானே இருக்கு?” போச்சு என்று எழுதினால் தப்பு அழகுமலை தலையில், கம்பெனி கையைக் கழுவிவிடும், கைரேகை வாங்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், பல வருஷத்துக்குத் திரும்பி வர முடியாது. போகவில்லை என்று எழுதினால் கம்பெனி தப்பு, தம்மாம் ஆபீஸிலிருந்து ஆள் போய் அபராதத்தைக் கட்டி அவனை வெளியே கொண்டுவரணும். குதிரை கீழே தள்ளினதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்… அந்தக் குதிரைக்குக் கொள்ளு வைத்து வளர்த்ததே நான்தானே, என்று நினைத்து எரிச்சலாக டீயை எடுத்தான், ஆறிப்போயிருந்தது.

பெரிய ஸ்கிரிப்ட்கூட இல்லை, நூற்றி இருபது வரி நிரல், ஒவ்வொரு வாரமும் தொழிலாளிகளின் லிஸ்டைத் திறந்து ஒவ்வொருத்தனின் தேதியையும் எடுத்து, இன்னும் முப்பது நாளில் யாருக்கு முடிகிறது என்று பார்த்து, அந்தப் பேர்களை மட்டும் பிரிண்ட் எடுக்கும், தொழிலாளிகள் தங்கும் கேம்ப் போர்டில் ஒட்டுவார்கள், பேர் வந்தவன் ரெண்டு போட்டோவைக் கொண்டுபோய்க் கேம்ப்பை மேய்க்கிற கேம்ப் பாஸிடம் கொடுப்பான், அவ்வளவுதான் வேலை. கார்டு அவன் பாக்கெட்டில்தானே இருக்கிறது, அவன் பார்க்க வேண்டியதுதானே என்கிறார் சேதுமாதவன், அதில் அரபி எழுத்தில் அரபித் தேதி போட்டிருக்கும், பரமக்குடிக்காரன் அழகுமலை எந்தக் கண்ணாடி போட்டுப் பார்ப்பான்? நாலு வருஷம் இங்கேயே முசஃபா ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன், மகள் அனன்யாவின் சைக்கிள் பார் உடைந்தபோது பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, காசா, அட போங்க சார் என்று ஒரு சமூசாவோடு போனவன்… அந்த முகம் இப்போது எதற்கு வருகிறது, வேலையைப் பார். பழைய பிரிண்ட் எல்லாவற்றையும் திறந்து பார்த்தான், மூன்று மாதத்தில் ஒரு லிஸ்டில்கூட அழகுமலை இல்லை. போர்டில் அவன் பேர் வரவே இல்லை, ஆனால் லாக்கில் சரி. எப்படி? எந்தச் சாமி வந்து சொல்லும்?

தம்மாம் ஃபைலைத் திறந்தால் நாற்பத்தோராவது வரிசையில் தேதி 30/02 என்று இருந்தது. முப்பது பிப்ரவரி! அட அறிவு கெட்ட ஜன்மங்களா, பிப்ரவரியில் ஏதடா முப்பது, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியுமே, தம்மாம் கிளார்க் தூக்கத்தில் டைப் அடித்திருக்கிறான், இதற்கு நான் இங்கே தலையைப் பிய்த்துக்கொள்ளணும்… கிளார்க் தப்பு, டேட்டா தப்பு, கடிதத்தில் அப்படியே எழுதிவிடலாம், ‘தவறான பதிவு’, இரண்டே சொல், யார் வேலையும் போகாது, என் வேலையும் போகாது. மனசு லேசாகிப் பாதிக் கடிதம் அடித்துவிட்டான். பிரிண்டருக்குப் பேப்பர் கேட்டு வந்து பின்னால் நின்ற ஸ்டோர் கீப்பர் செய்கு முகம்மது, காயல்பட்டினத்துக்காரர், திரையை எட்டிப் பார்த்தார், “இதுல என்ன தப்பு சாரு? ரெண்டாம் மாசம்னா சஃபர். சஃபர் பிறை முப்பது. சவூதி இக்காமால ஹிஜ்ரி தேதிதானே, நம்ம முஸ்லிம் காலண்டர் தேதி, அதைத்தான் போடுவாங்க, சில வருஷம் சஃபருக்கு முப்பது நாள் வரும், சில வருஷம் இருபத்தொம்பதோட நிக்கும்.” சொல்லிவிட்டு ஒரு கட்டுப் பேப்பரை இடுக்கிக்கொண்டு போய்விட்டார். இருக்கிறது. உலகத்தில் முப்பது பிப்ரவரி என்று ஒரு நாள் இருக்கிறது, அன்றைக்குத்தான் அழகுமலையின் இக்காமா முடிந்தது. கிளார்க் பாவம், கார்டில் உள்ளதை உள்ளபடி அடித்திருக்கிறான்.

பாதிக் கடிதத்தை அழித்தான். அப்படியானால் ஸ்கிரிப்ட் முப்பது பிப்ரவரியைப் பார்த்தும் ஏன் கத்தவில்லை, நின்றிருக்க வேண்டாமா, இது தேதியே இல்லை என்று திரையில் பெட்டி போட்டிருக்க வேண்டாமா… கை தானாக மேலே போனது, முதல் பக்கம், மூன்றாவது வரி. ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ. யார் எழுதியது? வேறு யார், பக்கத்திலேயே இவன் பேரின் முதலெழுத்து, இரண்டாயிரத்து நாலு என்று வருஷத்தோடு. எழுதின நாள்கூட ஞாபகம் இருக்கிறது, சேதுமாதவன் ஓடி வந்தார், ஸ்ரீனி, அந்தப் பெட்டி வந்து வந்து உயிரை எடுக்குது, ஜிஎம் பார்த்தா என்ன நினைப்பார், எப்படியாவது நிறுத்து என்றார், அனன்யாவின் ஸ்கூல் அட்மிஷனுக்கு மனைவி வசந்தகுமாரி கீழே டாக்சியில் காத்திருந்தாள், ஹார்ன் அடித்தது, ஒரே வரி, ஒரு நிமிஷம்கூட இல்லை, பெட்டி நின்றுவிட்டது. மறுநாள் சேதுமாதவன் முதுகில் தட்டினார், அதற்கப்புறம் நாலு வருஷம் ஒரு புகார் இல்லை, எவ்வளவு சமத்து ஸ்கிரிப்ட். சமத்தாம் சமத்து! நாற்பத்தோராவது வரிசைக்கு வந்து, முப்பது பிப்ரவரியைத் தேதியாக மாற்ற முடியாமல் விழுந்து, விழுந்ததை வெளியே சொல்லாமல், முந்தின வரிசையில் இருந்த அஸ்கர் அலியின் தேதியையே கையில் வைத்துக்கொண்டு, அவனுக்குப் பத்தாம் மாசம், ஷவ்வால் வரை இருக்கிறதே, அப்போ இவனுக்கும் இருக்கும், சரி என்று எழுதிவிட்டு அடுத்தவனிடம் போயிருக்கிறது. வாரா வாரம் அதையே செய்திருக்கிறது. அழகுமலை முந்தின வரிசைக்காரனின் தேதியில் மூன்று மாதம் வாழ்ந்திருக்கிறான், அவனுக்கே தெரியாமல்.

மணி பன்னிரண்டு இருபது. அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினான், நாற்பத்தொன்றில் நிற்கும் என்று நினைத்தால் ஏழாவது வரிசையிலேயே நின்றது, தேதி இருக்க வேண்டிய இடம் காலி, அதைத் தாண்டவிட்டால் பத்தொன்பது, அதில் தேதிக்குப் பதில் யாரோ பாஸ்போர்ட் நம்பரை அடித்திருக்கிறார்கள், அப்புறம் முப்பத்திரண்டு, அப்புறம்தான் நாற்பத்தொன்று… போதும், நிறுத்தினான். அழகுமலை ஒருத்தன் இல்லை, மாட்டிக்கொண்டவன் அழகுமலை, அவ்வளவுதான். இதை எழுதணும். ‘நோட்டீஸ் போகவில்லை, ஸ்கிரிப்டில் பிழை.’ எழுதினால் அடுத்த கேள்வி, ஸ்கிரிப்ட் யாருடையது? ஜிஎம் சத்தம் போடமாட்டார், சிரித்துக்கொண்டே ஒரு மாத நோட்டீஸ் கொடுப்பார், விசா கம்பெனி விசா, அதில்தான் வசந்தகுமாரியும் அனன்யாவும் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள், பெண் நாலாவது படிக்கிறாள், தமிழில் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச வராது, திருச்சியில் எந்த ஸ்கூலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது… ஆனால் அவன் காவலில் இருக்கிறானே, எனக்கு நோட்டீஸ் காகிதத்தில் வரும், அவனுக்குக் கைரேகையில். எழுது. எழுதித் தொலை. ‘நோட்டீஸ்’ என்று அடித்தான், அதற்குமேல் விரல் போகவில்லை, சேதுமாதவன் மேல் ஆத்திரம் வந்தது, ஹார்ன் அடித்த டாக்சிக்காரன் மேல், வந்து விளக்கம் சொன்ன செய்கு முகம்மது மேல்கூட, உம்மை யார் கேட்டது, பேப்பரை எடுத்துக்கொண்டு பேசாமல் போயிருக்கக் கூடாதா?

அப்போதுதான் மொபைல் அடித்தது, சவூதி நம்பர். “சார், அழகுமலை பேசறேன் சார்… இங்க ஒரு போலீஸ்காரரு போனு, ரெண்டு நிமிசந்தான் குடுப்பாரு.” பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம். “கேம்ப் பாஸ் வந்து ஒரு பேப்பரக் குடுத்து கையெழுத்து கேக்குறாரு சார். போர்டுல எம் பேரு ஒட்டியிருந்துச்சு, நாந்தான் பாக்காம விட்டுட்டேன்னு எழுதியிருக்காம். எனக்கு ஞாபகமே இல்ல சார். வாராவாரம் பாத்த மாதிரிதான் இருக்கு. ஆனா கம்ப்யூட்டர் போட்ட லிஸ்டு எப்படி சார் தப்பாகும்? நீங்க பாத்திருப்பீங்கள்ல, அதான் உங்கள ஒரு வார்த்த கேட்டுக்குவோம்னு… எம் பேரு வந்திருக்கும், நாந்தான் கவனிக்கலை போல. அப்படித்தானே சார்?” ஸ்ரீனிவாசன் திரையைப் பார்த்தான், பாதியில் நின்ற கடிதத்தைப் பார்த்தான், “இருக்கலாம்,” என்றான். “சரி சார், அப்ப போட்டுர்றேன்,” என்றான் அழகுமலை, சத்தமில்லாமல் வைத்துவிட்டான்.

முதலில் வந்தது நிம்மதிதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு, அவனே ஒத்துக்கொண்டுவிட்டான், அவன் கையெழுத்து வந்துவிட்டால் என் கடிதத்தை யார் கேட்கப் போகிறார்கள்… அப்புறம்தான் அந்தச் சொல் காதில் விழுந்தது, இருக்கலாம். யார் சொன்னது? நான் யோசிக்கவே இல்லையே, எழுதுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவுகூடச் செய்யவில்லையே, எனக்கு முன்னால் இந்த வாய் எப்படிச் சொன்னது, எத்தனை நாளாக இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறது? கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சேதுமாதவன் எழுந்து நின்று கடிகாரத்தைக் காட்டினார். ஸ்ரீனிவாசன் மொபைலை எடுத்து அந்த நம்பருக்கே திரும்ப அடித்தான், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கட்டும், எடுத்துவிட்டால் சொல்லிவிடுகிறேன், கையெழுத்துப் போடாதே என்று சொன்னால் போதும்… எடுத்தார்கள். அழகுமலை இல்லை, ஒரு கனத்த குரல், அரபியில் என்னவோ கேட்டது. “அழகுமலை,” என்றான். குரல் மறுபடி என்னவோ கேட்டது, பொறுமையாகத்தான் கேட்டது. “அழகுமலை,” என்றான், “அழகுமலை, அழகுமலை,” வேறு என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.