மழைக்குழாயில் விட்ட நீர்

1

இக்கதை என் சமையலறைச் சுவரில் பிறந்தது. எழுதத் தொடங்கியது வியாழன். இன்று ஞாயிறு, காலை ஒன்பது மணி. பதினொரு மணிக்கு எங்கள் ஊர்த் தோட்டக் கழகம் கூடி, முப்பத்தோராண்டு உறுப்பினரான ஜாஸ் மில்பர்னை நீக்கப்போகிறது. என் பக்கத்து வீட்டு வில்ஃப் ஹெட்லி போட்டிக்கு வளர்த்த, லீக் என்னும் வெங்காய இனத் தண்டுகளுக்கு அவர் நஞ்சு வைத்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் வைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். (எப்படித் தெரியும் என்பதை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அடித்துவிட்டேன்.)

மழையை வாழ்த்தித் தொடங்குவது நம் மரபு. அவ்வாறே தொடங்கிப் பார்த்தேன்:

வானம் பொய்த்த ஆகஸ்டில், ஆங்கில நாட்டின் வடகோடியான நார்த்தம்பர்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தெருவொன்றில், பெய்யாத மழையே—

நிறுத்திவிட்டேன். அவ்வாக்கியம் மழையின் மேல் பழிபோட வழி தேடிக்கொண்டிருந்தது.

2

இரண்டாம் தொடக்கம் (இதில் வரும் ஆசிரியை நான்தான்):

குழாய்க்காரர் டேரன் டாட்ஸ் அவசரக்காரர். பிப்ரவரியில் ஆசிரியையின் வீட்டில் புதுப் பாய்லர் பொருத்தியபோது, அதன் வடிநீர் எங்கே போய்ச் சேரும் என்று அவர் உறுதிசெய்துகொள்ளவில்லை.

இங்கே சிறிது விளக்க வேண்டும். இக்காலத்துப் பாய்லர், தன் புகையைக் குளிர்வித்து அதிலுள்ள வெப்பத்தையும் பிடித்துக்கொள்வது. அப்போது புகையிலிருந்து புளிப்பேறிய நீர் சொட்டும். அதைப் பிளாஸ்டிக் குழாயில், போதிய சரிவோடு, இயன்றவரை வீட்டுக்குள்ளேயே கொண்டுசென்று, நாற்றம் திரும்பாதபடி நீர் தேங்கும் வளைவொன்று வைத்துக் கழிவுநீர்க் குழாயில் சேர்ப்பதே முறை. வெளியே நெடுந்தொலைவு விட்டால் பனிக்காலத்தில் உறைந்து பாய்லர் நின்றுபோகும். மழைக்குழாயில் விட்டாலோ, எங்கே போய்ச் சேரும் என்று எவராலும் உறுதி கூற இயலாது.

டேரன் மழைக்குழாயில் விட்டார்.

[இதுவரை எழுதியதில் பொய் ஒரே ஒரு சொல்: அவசரக்காரர்.]

3

எங்கள் இரு வீட்டுக் கூரைக்கும் ஒரே மழைக்குழாய். அது தெருச் சாக்கடையில் சேர்கிறது என்றே எல்லாரும் நம்பியிருந்தோம். சேரத்தான் செய்தது, ஏப்ரல் வரையில். ஏப்ரலில் ஹெட்லி அதைத் தம் கொல்லையில் இடைமறித்து, லீக்குக்கு ஊற்றவென்று ஒரு பீப்பாயில் விட்டுக்கொண்டார்.

பிறகு, ஜூலையிலும் ஆகஸ்டிலுமாக, ஆறு வாரம் மழையில்லை. தோட்டத்துக்குக் குழாய் நீர் பாய்ச்சத் தடை வந்தது. ஊரார் பீப்பாய்கள் எல்லாம் வறண்டன.

"என்னோடது மட்டும் அடி தட்டவே இல்ல, பாத்தீங்களா டீச்சரம்மா?" என்றார் ஹெட்லி, வேலிக்கு மேலாக. "மேல இருக்கறவர் நம்ம கட்சி."

"ஜாஸோட பீப்பாய்?"

"காஞ்சு கெடக்கு. சர்ச்சுப் பக்கமே எட்டிப் பாக்காதவனுக்கு வேற என்ன கெடைக்கும்?"

நானும் அதை அருள் என்றே கொண்டேன். ஒவ்வொரு காலையும் வெந்நீரில் நீராடி, விளக்கேற்றிப் பதிகம் பாடினேன். வெந்நீர் ஓடும்போதெல்லாம் பாய்லர் சொட்டியது. சொட்டியது அனைத்தும் சுவருக்கு அப்பால் போயிற்று.

முதலில் ஹெட்லியின் லீக்கில் இலை நுனி மஞ்சளித்தது. பின் தண்டு தளர்ந்தது. போன ஆண்டுப் போட்டியில் ஹெட்லியிடம் தோற்றவர் ஜாஸ் என்பதால் பழி அவர்மேல் விழுந்தது. கழகத்தார் கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவே:

"அவன் செடியத் தொடணும்னா நான் குனியணுமேய்யா. என் இடுப்பு இருக்கற லட்சணத்துக்கு, ஷூ லேசையே என் பொண்டாட்டிதான் கட்டி விடுறா."

எல்லாரும் சிரித்தார்கள், எவரும் நம்பவில்லை.

4

டேரன் என்னும் பாத்திரத்தின்மேல் எனக்கு ஐயம் எழுந்தது. அவசரக்காரர் ஒரு துளைக்கு மும்முறை அளப்பாரா? டேரன் அளந்தார். ஆகவே பிப்ரவரியில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

"சிங்க்குக்குக் கீழ போற குழாய்ல சேத்துடறேன் டீச்சர். இந்தச் சுவரோரமா சாய்வா வந்துடும்."

"சாமி மாடத்துக்கு அடியிலயா?"

"ஆமா. வெள்ளைக் குழாய்தான், பாக்க உறுத்தாது."

"சாமிக்கு அடியில கழிவுத்தண்ணி போகக் கூடாது, டேரன்."

"சாமிய ஒரு அடி நகத்தி வெச்சுக்கலாமே?"

"டேரன்."

"சரி, சரி. எட்டாங் கிளாஸ்லயும் இதே பார்வைதான் பாப்பீங்க." பிறகு குரல் தாழ்ந்தது. "வெளிய இருக்கறது மழைக்குழாய் ஒண்ணுதான். அதுல விடறது முறையில்ல. சாக்கடையிலதான் சேருதுன்னு நெனைக்கறேன். ஆனா நெனைக்கறேன், அவ்வளவுதான்."

"சேரும். விடு" என்றேன்.

(முந்தைய வரைவுகளில் இல்லாதிருந்தது ‘விடு’ என்னும் இந்த ஒரு சொல்.)

5

புதனன்று வேறு வேலையாக வந்த டேரன் வேலிக்கு அப்பால் பீப்பாயைக் கண்டார். மழைக்குழாயை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையிலிருந்து புளிப்பைக் காட்டும் சோதனைத் தாளொன்றை எடுத்துப் பீப்பாய் நீரில் நனைத்தார். தாள் சிவந்தது.

"இதுதான் டீச்சர். ஆனா செடி போனதுக்கு இது மட்டும்தான் காரணமான்னு கேட்டா, சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்த ஐயத்துக்குள் நான்கு நாள் குடியிருந்தேன், வசதியான வீடு.

அன்றே அவர் குழாயை உள்ளே திருப்பினார். இப்போது அது மாடத்துக்கு நேர் கீழே போகிறது. இறைவன் எதுவும் சொல்லவில்லை.

"கூட்டத்துல நான் பேசிக்கறேன்" என்றார் போகும்போது. "கை வெச்சவன் நான். ஊர்ல நாலு பேர் கூப்புடாம போனா போறாங்க. நீங்க இதுல வராதீங்க."

6

முடிவுகள்:

அ. டேரன் பழியை ஏற்கிறார். ஜாஸ் தப்புகிறார். அடுத்த பனிக்காலத்தில் இத்தெருவார் வேறு குழாய்க்காரரைத் தேடுகின்றனர்.

ஆ. டேரன் ஏதோ காரணத்தால் வர இயலவில்லை. ஜாஸ் நீக்கப்படுகிறார். அவர் தொடர்ந்து லீக் வளர்க்கிறார், காட்ட இடமில்லை.

இ. ஹெட்லி தாமாகவே பீப்பாயை ஐயுற்று—

மூன்றாவதை முடிக்கவில்லை. மூன்றையும் ஒருங்கே வாசித்தபோது ஒன்று புலப்பட்டது: எதிலும் நான் வாய் திறக்கவில்லை.

7

பத்தேகால். எழுதுகோலை வைத்துவிட்டுப் போய், ஹெட்லியின் கதவைத் தட்டினேன். திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

அவர் கூட்டத்துக்கென்று டை கட்டிக்கொண்டிருந்தார். "என்ன டீச்சரம்மா, நீங்களும் வரீங்களா? மெம்பர் இல்லாதவங்களுக்கு ஓட்டு கெடையாது, டீ மட்டுந்தான்."

"வில்ஃப், உங்க பீப்பாய்த் தண்ணி மழைத்தண்ணி இல்ல. என் பாய்லர்த் தண்ணி. டேரன் வேணாம்னு சொன்னான். நான்தான் விடச் சொன்னேன்."

அவர் என்ன மறுமொழி கூறினார் என்பதை எழுதமாட்டேன். ஒருவரை ஏற்கெனவே இக்கதையில் பொய்யாக எழுதியிருக்கிறேன். இன்னொருவரைச் சினத்திலோ பெருந்தன்மையிலோ நிறுத்திவைக்க எனக்கு உரிமையில்லை. அவரை உங்களிடம் விடுகிறேன். கண்டதை மட்டும் சொல்வேன்: பாதி முடிச்சில் கை நின்றது. கொல்லைப் பக்கம் திரும்பிப் பீப்பாயைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி வாசலில் இறங்கி, வலப்பக்கம் கழக மன்றம் இருக்க, இடப்பக்கம் நடந்தார். ஜாஸின் வீடு அப்பக்கம்தான்.