குளிப்பாட்ட வேண்டியவர்கள்

“ஆமான்னு போடேம்பா. என்னத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க?” என்று அம்மாவின் தம்பி பாவா பின்னால் நின்று அவசரப்படுத்தினார். ஷஃபீக் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். திரையில் ஆயிரத்து எண்ணூறு பிழைகள். கீழே, ‘சரிசெய்யவா?’ என்ற கேள்வி. கேட்பது, டிஸ்க்கைச் சோதிக்க அவனே எழுதிய மென்பொருள் கருவி.

அடுத்த அறையில் அவனைப் பெற்ற அத்தா வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் ஜனாஸா அடக்கம் என்று பள்ளிவாசலில் சொல்லியாயிற்று. இறந்தபின் தன்னை யார் குளிப்பாட்டுவது என்று அத்தா எழுதி வைத்திருந்தாராம். முல்லா வீதியில் அச்சுக்கடை வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்த மனிதர், பேனாவைத் தொட்டே வருஷக்கணக்காகிறது. கடைக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கில்தான் அடித்து வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டர் ஓடாததால் டிஸ்க்கைக் கழற்றி ஷஃபீக் தன் கருவியில் போட்டால், அதுவோ காலையிலிருந்து திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

“தெரியாம ஆமான்னு போட்டா மொத்தமும் அழிஞ்சிடும் மாமா.”

“நேரம் போவுதே. மய்யித்தக் காக்க வைக்கலாமா?”

கடையைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று பெங்களூருக்குப் போன நாளிலிருந்து, இரண்டு வருஷமாக, அத்தா அவனோடு பேசவில்லை. ஷஃபீக் தன்னைத் தொடவே கூடாது என்று எழுதியிருந்தால்? அழிந்துபோனால் யாருக்குத் தெரியப்போகிறது? அப்படி நினைத்ததற்கே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பிழைகளை மறுபடி மேலிருந்து படித்தான். கருவி தேடிய இடத்துக்கும் தேட வேண்டிய இடத்துக்கும் எங்கே பார்த்தாலும் எட்டு மடங்கு வித்தியாசம். சட்டென்று உறைத்தது. வழக்கமான டிஸ்க்கில் ஒரு செக்டார், அதாவது தகவல் வைக்கும் ஒரு கட்டம், ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட். இதில் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. டிஸ்க்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், எல்லாம் ஒரே அளவுதான் என்று எழுதித் தொலைத்தவன் அவனேதான். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை.

ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினான். பிழை ஒன்றுகூட இல்லை. கோப்பு திறந்தது.

‘ஷஃபீக் குளிப்பாட்ட வேண்டாம்.’



“என்னாடா எழுதியிருக்காரு?” என்றாள் அம்மா, கதவோரம் நின்று.

மூடிவிடலாமா என்று கை போயிற்று. ஆனாலும் அந்த வரியை உரக்கப் படித்தான். அதோடு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான். மிச்சத்தைக் குனிந்து பாவா படித்தார்.

“‘சின்ன வயசிலிருந்தே பயந்த பிள்ளை. தேய்ப்பதைப் பாவா பார்த்துக்கொள்ளட்டும். அவன் தண்ணீர் ஊற்றினால் போதும்.’”

பாவா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். ஷஃபீக் பின்னாலேயே போய்ச் செம்பை எடுத்தான்.

“மெதுவா ஊத்து. மூக்குல தண்ணி போயிடப் போவுது” என்றார் பாவா.

ஷஃபீக் இடது உள்ளங்கையை அத்தாவின் மூக்குக்கு மேல் குவித்துப் பிடித்துக்கொண்டு ஊற்றினான்.