ஜெனரேட்டர் வேணும், திரும்பப் போடுங்க

ஜனவரி மாதம் கெரிட் வான்டர்லான் என்பவர் கடையிலிருந்து பதினெட்டு ஜெனரேட்டர்களை ஏமாற்றி வாங்கியது என் குரல்.

வாங்கியவன் வேறொருவன். கடல் தாண்டி எங்கோ ஓர் இன்டர்நெட் மையத்தில் உட்கார்ந்து அவன் தட்டச்சு செய்தான். அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை வாய்விட்டுப் படித்தவள் நான். அதுதான் என் உத்தியோகம். காது கேளாதவர்கள் அடித்து அனுப்புவதைக் கடைக்காரருக்கோ டாக்டருக்கோ படித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் பேசுவதை எழுத்தாக அடித்து அனுப்ப வேண்டும். அவர்கள் ‘நான்’ என்று எழுதினால் நானும் ‘நான்’ என்றுதான் படிக்க வேண்டும். ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. போனில் காதில் விழுவது எதுவானாலும், பின்னால் யாராவது தும்மினாலும், அடித்தாக வேண்டும். சேவை இலவசம். அழைப்பவன் முகம் தெரியாது, குரலும் தெரியாது. திருடனுக்கு இதைவிட வசதியாக யார் கடை விரித்துத் தருவார்கள்?

அவன் திருடன் என்பது எனக்கு இரண்டாவது நிமிடமே தெரிந்துவிட்டது. சர்ச்சுக்கு என்று சொல்லிப் பதினெட்டு ஜெனரேட்டர் கேட்டவன் விலையைக் கேட்கவில்லை. டெட்ராய்ட்டில் என் அப்பாவுக்குப் பாத்திரக் கடை. லெபனானிலிருந்து வந்த மனிதர். எனக்குப் பல் முளைத்ததே கல்லாப்பெட்டி மேல்தான். அந்தக் கடையில் விலை கேட்காமல் வாங்கியவர்கள் என் நினைவில் இரண்டே பேர். ஒருவன் குடித்திருந்தான், இன்னொருவன் கள்ள நோட்டு வைத்திருந்தான்.

என் மேலாளர் டெல்ஃபினிடம் சொன்னேன். “நாம வெறும் கம்பி. கம்பி வாய் தொறக்காது” என்றாள். வாய் திறக்காமல், அதாவது வாய் நிறையத் திறந்து, அவன் அனுப்பிய கிரெடிட் அட்டை நம்பர் முழுவதையும் படித்தேன். அட்டை வேறு யாருடையதோ. பாங்க்காரர்கள் பணத்தை கெரிட்டிடமிருந்து திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். சரக்கு அதற்குள் கப்பல் ஏறிவிட்டது.

இப்படி ஊர் ஊராக நடந்ததில், எங்கள் அழைப்பு என்றாலே கடைக்காரர்கள் போனை வைக்க ஆரம்பித்தார்கள். திருடனுக்கு என்ன நஷ்டம்? அவன் அடுத்த நம்பரைப் பார்ப்பான். நிஜமாகவே காது கேளாத ஆள்தான், பல்வலிக்கு ஒரு டாக்டரைப் பிடிக்க முடியாமல் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்ச்சில், ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஐஸ் மழை பெய்து மாநிலத்தின் மேற்குப் பக்கம் பூராவும் மின்கம்பிகள் அறுந்து தொங்கின. காலை பதினொரு மணிக்கு எனக்கு ஓர் அழைப்பு வந்தது. திரையில் தெரிந்த நம்பர் இன்டர்நெட் வழியாக வந்ததல்ல. ஆலிகன் என்ற ஊர்ப்பக்கம் ஏதோ ஒரு வீட்டின் லைன். பாட்டரியில் ஓடும் தட்டச்சுப் போனிலிருந்து ஒருத்தி கேட்ட கடை, கெரிட் கடை.

“வணக்கம், காது கேளாத ஒருவர் உங்ககிட்ட பேசணும்கிறார்…”

“இந்தக் குரல்!” என்றார் கெரிட். “இந்தக் குரலை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். திருடி!”

வைத்துவிட்டார். ‘திருடி’ உட்பட எல்லாவற்றையும் அடித்து அனுப்பினேன்.

அவள் அடித்தாள்: “சரி. திரும்பப் போடுங்க.”

அழைப்பவர் எத்தனை முறை போடச் சொன்னாலும் நாங்கள் போட வேண்டும், அதுவும் விதிதான். போட்டேன். வைத்தார். “திரும்பப் போடுங்க.” வைத்தார். “திரும்பப் போடுங்க.” ஆறாவது முறை எடுத்தது கெரிட்டின் மச்சான் ஹார்ம்.

“கடையில யாருமில்ல.”

அவள் கேட்டாள்: “அப்ப யாருமில்லன்னு சொன்னது யாரு?”

ஹார்ம் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு வைத்தார்.

பதினோராவது முறை கெரிட்டே எடுத்தார். மூச்சு வாங்கியது. “என்னம்மா வேணும் உனக்கு? அரைமணி நேரமா லைனைப் பிடிச்சு உக்காந்திருக்க. வேற ஒரு கஸ்டமர் கூப்பிட முடியல!”

“ஜெனரேட்டர் வேணும். ஒண்ணே ஒண்ணு. என் பேர் வெர்னா. ஆலிகன்ல கோழிக்குஞ்சுப் பண்ணை வச்சிருக்கேன். காலையில அஞ்சு மணிக்குக் கரண்ட் போச்சு. இன்குபேட்டர்ல ஆயிரத்து நூறு முட்டை, பதினெட்டாவது நாள், இன்னும் மூணு நாள்ல பொரிக்கணும். வீட்டுல இருக்கிற போர்வை எல்லாம் போட்டு மூடி வச்சிருக்கேன். நாலு மணி வரைக்கும் சூடு தாங்கும், அதுக்கு மேல தாங்காது. உங்ககிட்ட ஒண்ணு மிச்சம் இருக்குன்னு பக்கத்துப் பண்ணைக்காரர் பாத்துட்டு வந்தார். ரோடு பூரா மரம் விழுந்து கெடக்கு, நான் வந்து சேர ரெண்டு மணி நேரம் ஆகும். யாருக்கும் விக்காம எடுத்து வைங்க.”

பின்னாலிருந்து ஹார்ம் குரல்: “முட்டைக் கதை புதுசா இருக்கு மச்சான். போன தடவை சர்ச்சுக் கதை.”

அடித்தேன்.

“பின்னால பேசுறவருக்குச் சொல்லுங்க. முட்டையைக் கையில வச்சா உள்ள குஞ்சு அசையறது தெரியும். அவர் காதால கேக்க வேண்டியதில்ல. வந்து கையை வச்சுப் பாக்கட்டும்.”

கெரிட் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஏம்மா, போன்ல படிக்கிற பொண்ணு. உன்னைத்தான் கேக்கறேன். இவ நிஜமா, டூப்பா? நீ ஒரு வார்த்தை சொல்லு. உன்னாலதான் நான் மொட்டையானேன்.”

திரையில் ஆலிகன் நம்பர் பளிச்சென்று இருந்தது. ‘நிஜம்’ என்று மூன்று எழுத்துச் சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். என் நாற்காலிக்குப் பின்னால் டெல்ஃபின் வந்து நிற்பது செண்ட் வாசனையில் தெரிந்தது. இரண்டு பிள்ளைகளும் ஒரு வாடகை வீடும் எனக்கு உண்டு. ஆனாலும் சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் என்னைப் பற்றி நினைத்துக்கொள்கிறேன். அதற்குள் விரல் பழக்கதோஷத்தில் கெரிட் கேட்டதை அடித்து அனுப்பிவிட்டிருந்தது.

பதில் சுடச்சுட வந்தது. “அவங்களைக் கேக்காதீங்க. வாங்குறது நான். என்னைக் கேளுங்க.”

அதைப் படித்தபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உயரட்டும்.

“சரி, உன்னையே கேக்கறேன்” என்றார் கெரிட். “தொள்ளாயிரம் டாலர். கார்டு நம்பர் சொல்லு பாப்போம்.”

“தொள்ளாயிரமா? போன வாரம் பேப்பர்ல அறுநூத்து இருபத்தொம்பதுன்னு போட்டிருந்தீங்க. ஐஸ் விழுந்தா ஏறுறதுக்கு அது ஜெனரேட்டரா, தக்காளியா?”

“பேப்பர் விலை சனிக்கிழமையோட முடிஞ்சுது!”

“மெஷினும் சனிக்கிழமையோட மாறிப்போச்சா? அதே பச்சை மெஷின்தான? மேல கீறல் வேற இருக்காம், பண்ணைக்காரர் சொன்னார்.”

“கீறலா? என் கடைச் சரக்குல கீறலா? அது ஸ்டிக்கர் உரிச்ச தடம்மா! எண்ணூறு.”

“ஸ்டிக்கர் உரிச்ச தடத்துக்குப் பேர்தான் கீறல். அறுநூறு.”

“எழுநூத்தம்பது. என் பிள்ளைகளும் சாப்பிட வேண்டாமா?”

“உங்க பிள்ளைகள் முப்பது வயசுல உங்க கடையிலதான் சம்பளம் வாங்குதுங்க, ஊருக்கே தெரியும். பேப்பர் விலை.”

எனக்கு அப்பா கடையில் நிற்பதுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் நானே பேசுவதுபோல் ஒரு குஷி. ஹார்ம் மறுபடி குறுக்கே வந்தார்: “இன்னுமா பேசுற? வச்சுத் தொலை மச்சான்!”

“சும்மா இருடா” என்றார் கெரிட். “வியாபாரம் பேசிக்கிட்டிருக்கேன்ல?”

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு, யாரிடம் என்றில்லாமல்: “அந்தப் பதினெட்டு வாங்கினவன் விலையே கேக்கல. ஒரு காசு குறைக்கச் சொல்லல.”

அதையும் அடித்து அனுப்பினேன்.

வெர்னா அடித்தாள்: “நான் கேக்கறேன். கார்டு நம்பரும் தரமாட்டேன், நோட்டாக் கொண்டு வந்து உங்க கையில வைக்கறேன். பேப்பர் விலை. அதுலயும் இருபது டாலர் தள்ளணும்.”

“அது எதுக்கு?”

“பத்து தடவை என் முகத்துல போனை வச்சீங்க. தடவைக்கு ரெண்டு டாலர்.”

“அதுல ஒண்ணு ஹார்ம் வச்சது!”

“கடை உங்களுது.”

ஹார்ம் பின்னால் என்னவோ முணுமுணுத்தார். ‘சரியாகக் கேட்கவில்லை’ என்று அடித்தேன். நன்றாகவே கேட்டது, அன்றைக்கு நான் மீறிய ஒரே விதி அது.

கெரிட் கனைத்தார். “நான் சொன்ன அந்த வார்த்தை… திருடின்னு…”

“அதை நேர்ல சொல்லுங்க. ரெண்டு மணி நேரத்துல உங்க முன்னாடி வந்து நிப்பேன், என் முகத்தைப் பாத்து அந்த வார்த்தையைச் சொல்லுங்க. முடியலன்னா, இனிமே எங்காளுங்க யார் கூப்பிட்டாலும் போனை எடுத்துப் பேசுங்க. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் வைக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க.”

கெரிட் போனை வாயிலிருந்து விலக்காமலே என் காது கிழியக் கத்தினார்: “ஹார்ம்! அந்தப் பச்சை மெஷினை வெளிய எடு! யார் கேட்டாலும் வித்துப்போச்சுன்னு சொல்லு. டாங்க் நிறைய பெட்ரோல் ஊத்து. ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாரு. அந்தம்மா வந்து நின்னுக்கிட்டிருக்கக் கூடாது.”

டெல்ஃபின் என் தோளுக்கு மேல் குனிந்து திரையைப் படித்துக்கொண்டிருந்தாள். வெர்னா அடிக்க ஆரம்பித்தாள். நன்றி வரும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம்.

“பெட்ரோல் யார் செலவு?”

படித்தேன். கெரிட் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“என் செலவுதாம்மா” என்றார்.