ஷௌகத் பாய் விற்கச் சொன்ன நாள்

குன்னூரில் ஷேர் வாங்கி விற்றுக் கொடுக்கும் தொழிலை நான் இருபத்தெட்டு வருஷமாகச் செய்கிறேன். மவுன்ட் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். அதில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஹீட்டர், என் உதவியாளர் பிராங்ளின். இவற்றில் ஹீட்டர் மட்டும் வேலை செய்வதில்லை.

இத்தனை வருஷத்தில் ஒரே ஒருவர் விற்கச் சொல்லி நான் விற்காமல் இருந்திருக்கிறேன். அவர் ஷௌகத் அலி, தேயிலை வியாபாரி. மனைவி ஜுலைகாவின் இதய ஆபரேஷனுக்காக அவருக்கு அன்று பணம் வேண்டியிருந்தது. அது எனக்கு அன்று தெரியாது. இதைக் கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைத் திடுக்கிட வைக்கும் ஆசை எனக்கு இல்லை. அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் தொழில் ரகசியம் மாடிப்படிதான். மொத்தம் பத்தொன்பது படி. சந்தை உச்சியில் இருக்கும்போது அதில் ஆள் நிற்க இடம் இருக்காது. ரிட்டையர்டு வாத்தியார், ரிசார்ட் மேனேஜர், மருந்துக் கடைக்காரரின் மச்சான் எல்லோரும் மூச்சு வாங்க ஏறி வந்து, போன மாதம் இரண்டு மடங்கானது எதுவோ அதையே வாங்கித் தரச் சொல்வார்கள். சந்தை விழுந்தால் படியில் பூனை படுத்திருக்கும். பூனை படுத்திருக்கும்போது வாங்கி, அது படுக்க இடமில்லாதபோது விற்றவர்கள் என் வாடிக்கையாளர்களில் மூன்று பேர். மற்றவர்களிடம் இதை நான் சொல்லாமல் இல்லை. தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, ஊர் ஓடும் பக்கம் ஓடுவார்கள்.

தேயிலைக்காரர்கள் இதில் தனி ரகம். வாரா வாரம் ஏலத்தில் நல்லது கெட்டதைக் கண்டுபிடிப்பவர்கள், ஷேர் என்று வந்தால் கண்ணைக் கட்டிக்கொள்வார்கள். காரணம் இருக்கிறது. தேயிலையில் விலை குறைந்தால் சரக்கில் ஏதோ வாடை என்று அர்த்தம். வருஷம் தாண்டி வைத்திருந்தால் மணம் போய்விடும். இந்த இரண்டு பாடமும் அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அதனால் விலை விழுந்த ஷேரைத் தொட மாட்டார்கள், ஏறிய ஷேரைப் பதினோராவது மாதம் தள்ளிவிடுவார்கள்.

ஷௌகத் பாயும் அப்படித்தான் ஆரம்பித்தார். வட்டி என்பதால் பேங்க் ஷேர் வேண்டாம், சாராயம் வேண்டாம், சினிமா வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழித்து, மிச்சம் இருந்ததில் பெயின்ட் செய்யும் ஒரு கம்பெனியை வாங்கினார். சரியாகப் பதினோரு மாதத்தில் விற்றார். "மணம் போறதுக்குள்ள தள்ளிட்டேனுங்க" என்றார். அது பிறகு பத்து மடங்கானது. பெயின்ட் எத்தனை வருஷமானாலும் காய்ந்துபோகாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

2011இல் மறுபடி வந்தார். கோயம்புத்தூரில் பம்ப் செய்யும் ஒரு கம்பெனி, அப்போது எவரும் சீண்டாதது. மருந்து செய்யும் இன்னொரு கம்பெனி. இரண்டிலும் பணத்தைப் போட்டுவிட்டு, என் லெட்டர்பேடில் அவரே ஒரு தாள் எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'நான் எப்போது வந்து விற்கச் சொன்னாலும் விற்க வேண்டாம். என் பேச்சைக் கேட்க வேண்டாம்.' இதற்குச் சட்டத்தில் ஐந்து பைசா மதிப்பில்லை. வாடிக்கையாளர் விற்கச் சொன்னால் விற்க வேண்டும், அதுதான் விதி. இருந்தாலும் எனக்கு அந்தத் தாள் பிடித்திருந்தது. தன்னைத் தானே நம்பாத ஒரு முதலீட்டாளரை நான் அதுவரை பார்த்ததில்லை.

கடைவீதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே எந்த வியாபாரியும் பணம் தேவை என்று வாய் திறந்து சொல்ல மாட்டார். ஏலத்தில் எடுத்த சரக்குக்குக் குறித்த தேதியில் பணம் கட்டியாக வேண்டும். ஒருவருக்குக் கை வறண்டிருக்கிறது என்று காற்றுவாக்கில் தெரிந்தாலே போதும், அடுத்த வாரம் அவர் பெயருக்குச் சரக்கு விடத் தயங்குவார்கள். மகள் கல்யாணத்துக்கு வீட்டை விற்பவர்கூட, "வீடு ஈரமடிக்குதுங்க" என்றுதான் சொல்வார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்.

2020 மார்ச் 23, திங்கட்கிழமை. முந்தின நாள் கொரோனாவுக்காக ஒரு நாள் ஊரடங்கு. காலை பத்து மணிக்குள் சந்தை பத்து சதவிகிதம் விழுந்தது. முக்கால் மணி நேரம் வர்த்தகத்தையே நிறுத்திவிட்டார்கள். படியில் பூனை படுத்திருந்தது. அதைத் தாண்டிக்கொண்டு ஷௌகத் பாய் ஏறி வந்தார்.

"ஜானகிம்மா, எல்லாத்தையும் வித்துப் போடுங்க."

"மொதல்ல உக்காருங்க பாய். மூச்சு வாங்குதே."

"உக்கார நேரமில்லீங்க. விக்கோணும்."

"சந்தையே நின்னு போச்சுங்க. முக்கா மணி நேரம் ஆருமே விக்க முடியாது. அதனால உக்காருங்க."

உட்கார்ந்தார். பிராங்ளின் காபி கொண்டுவந்து வைத்தார். நான் மேஜை டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். உண்மையைச் சொன்னால், ஒன்பது வருஷமாக அந்த நிமிஷத்துக்காகவே நான் காத்திருந்தேன்.

"இது உங்க கையெழுத்துதானுங்களே?"

"அது அப்ப எழுதுனதுங்க."

"அப்ப எழுதுனதே இப்பத்துக்குத்தானுங்க. எதுக்கு விக்கறீங்க, அதச் சொல்லுங்க."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"இன்னும் விழுமுங்க" என்றார்.

"ஆரு சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க."

எனக்கு வேறென்ன வேண்டும். எல்லோரும் சொல்கிறார்கள் என்று ஒருவர் வாயால் கேட்டுவிட்டால் எனக்குச் சாமி வந்துவிடும். எல்லோரும் விற்கும்போது விற்றவர் எவரும் குன்னூரில் பங்களா கட்டவில்லை என்றேன். 2008இல் அழுதுகொண்டே விற்றவர்களின் பெயரை வரிசையாகச் சொன்னேன். பம்ப் கம்பெனிக்குக் கடனே இல்லை, ஊரடங்கு போட்டாலும் கிணற்றில் தண்ணீர் இறைக்கத்தானே வேண்டும் என்றேன். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லையா என்று பழமொழியும் சொன்னேன். அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார்.

"பாதியாச்சும் வித்துக் குடுங்களேன்" என்றார்.

"பாதி விழும், பாதி விழாதுங்களா?"

"ஆறு லட்சம் வந்தாப் போதுமுங்க."

இந்த இடத்தில் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பயந்தவர் தொகை சொல்ல மாட்டார். இருப்பதையெல்லாம் விற்று ஓடத்தான் பார்ப்பார். தேவைப்படுகிறவர்தான் இவ்வளவு போதும் என்பார். இருபது வருஷத்துக்கு மேல் பயந்தவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு அது உறைக்கவில்லை. தேயிலைக்காரர் அல்லவா, என்னிடமே பேரம் பேசுகிறார் என்று நினைத்தேன். சிரித்தும் வைத்தேன்.

பத்தே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் சொன்னேன். "பாய், பத்து நாள் கழிச்சு வாங்க. அப்பவும் விக்கோணும்னு தோணுச்சுன்னா நான் பேசாம வித்துத் தாறேன்."

ஆபரேஷனுக்குக் குறித்திருந்தது வெள்ளிக்கிழமை. இன்னும் நாலே நாள்.

ஷௌகத் பாய் தாளை மடித்து என் பக்கம் தள்ளினார். "சரிங்க ஜானகிம்மா" என்றார். எழுந்து போனார். சத்தம் போட்டிருந்தால் விற்றிருப்பேன். தலைமை ஆபீசுக்குப் புகார் செய்வேன் என்று சொல்லியிருந்தாலும் விற்றிருப்பேன். அவர் மரியாதையான மனிதர்.

"மேடம், பாய் காபியே குடிக்கலீங்க" என்றார் பிராங்ளின்.

"பயம்" என்றேன் நான்.

மறுநாள் ராத்திரி நாடு முழுக்க லாக்டவுன் அறிவித்தார்கள். அடுத்த இரண்டு மாதம் வீட்டிலிருந்தபடி வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு, விற்காதீர்கள் என்று தைரியம் சொன்னேன். அதில் இந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. 'ஒரு பெரியவர் வந்தார், விற்க மாட்டேன் என்றேன், இப்போது பாருங்கள்.' பதினோரு பேரிடம் சொல்லியிருப்பேன். சந்தையும் எனக்கு ஒத்து ஊதிக்கொண்டு ஏறியது.

ஜூனில் பிராங்ளின் சொன்னார். அவர் மனைவி யூனிஸ் நர்ஸ். ஜுலைகாவுக்கு இதய வால்வு ஆபரேஷன், கோயம்புத்தூரில் மார்ச் 27ஆம் தேதி வைத்திருந்தார்களாம். முன்பணம் கட்டாததால் அந்த நாள் போய்விட்டது. ஷௌகத் பாய் குடோனை விற்கப் பார்த்திருக்கிறார். பத்திர ஆபீஸ் மூடிக் கிடந்தது. அது திறந்து, பாதி விலைக்குக் குடோன் போய், பணம் கைக்கு வந்த வாரத்தில் ஜுலைகாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வால்வை அதற்கப்புறம் மாற்றினார்கள்.

"பணம் கட்டியிருந்தாலும் லாக்டவுன்ல தள்ளித்தான் போயிருக்கும் மேடம்" என்றார் பிராங்ளின். அந்தச் சொல்லை நான் நாலு வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சொன்னவர் டாக்டர் இல்லை, என் ஆபீஸ் கிளார்க் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றே அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரோட்டிலிருந்து நாற்பது படி கீழே இறங்க வேண்டும். ஜுலைகா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ஷௌகத் பாய் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

"ஏனுங்க பாய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லோணும்னுதான் படியேறுனேனுங்க."

"நான் ஆருகிட்டப் போய்ச் சொல்லப்போறேன்?"

"சொல்ல மாட்டீங்கன்னு தெரியுமுங்க. அப்பறம் போன்ல கேக்கவும் முடியலீங்க. பணம் இல்லீன்னு சொல்லிப் பழக்கமில்ல, வாய் வரலீங்க. விலையைப் பத்திப் பேசறதுன்னா வருது."

இப்போதாவது விற்றுத் தரட்டுமா என்றேன். "இனி எதுக்குங்க. கெடக்கட்டும்" என்றார். நான் மேலே ஏறி வந்து காரில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு அழுதேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, அதனால் யாரும் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் விற்கச் சொல்லி யார் வந்தாலும், "வீட்டுல எல்லாரும் சௌகரியமா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பாதிப் பேர் நான் இன்ஷூரன்ஸ் பாலிசி விற்க ஆரம்பித்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள்.

போன நவம்பரில் ஷௌகத் பாய் மறுபடி வந்தார். படியில் ஏகப்பட்ட கூட்டம். விலக்கிக்கொண்டு ஏறி வந்து, எல்லாவற்றையும் விற்கச் சொன்னார். குன்னூரில் படியில்லாத வீடு கிடையாது. ஜுலைகாவை வெளியே கொண்டுபோவதென்றால் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் தரையோடு தரையாக ஒரு வீடு பார்த்திருக்கிறாராம். நான் ஒன்றும் கேட்கவில்லை. நாலு நிமிஷத்தில் விற்று முடித்தேன். மார்ச் 23 அன்று பன்னிரண்டு லட்சம் பெற்றது இப்போது நாற்பத்து மூன்று லட்சம். என் இருபத்தெட்டு வருஷத்தில் இதைவிட நல்ல கணக்கு என் கையில் இருந்ததில்லை.

"கீழ கார்ல ஜுலைகா இருக்கறாளுங்க. உங்களப் பாக்கோணும்ங்கறா" என்றார்.

என்ன கேட்பாரோ என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். கேட்டால் பதில் சொல்லிவிடுவது என்று பத்தொன்பது படியிலும் மனதைத் திடப்படுத்திக்கொண்டேன். ஜுலைகா முன் சீட்டில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு கொஞ்சம் இழுத்து வந்தது.

"ஊரே வித்துட்டு ஓடுனப்ப இவரும் பயந்துட்டு ஓடியாந்தாராமாக்கா. நீங்கதான் கையப் புடிச்சு நிறுத்துனீங்களாமா. இவருதான் சொன்னாரு. இல்லாட்டி இன்னைக்கு ஊடு ஏதுங்கக்கா."

நான் ஷௌகத் பாயைப் பார்த்தேன். அவர் கார் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

ஜுலைகா மடியிலிருந்த அல்வா டப்பாவை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"நொட்டாங்கையில குடுக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்கக்கா" என்றார். "சோத்துக்கை தூக்க வரதில்ல."

வாங்கிக்கொண்டேன்.