சாப்பாட்டுக்கு முன்னால் வாஷிங்டன்

மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை என்றால் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து அந்தச் சின்ன ஊரில் பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடம் நிரம்பி வழியும். எந்தச் சாலைக்குச் சரளை கொட்டுவது, எந்த லாரியை மாற்றுவது என்று ஊர் ஜனமே உட்கார்ந்து பேசிக் கைதூக்கி முடிவு செய்கிற நாள். சேறு ஒட்டின பூட்ஸோடு வருவார்கள். சில பெண்கள் கம்பளி நூலும் பின்னல் ஊசியுமாக வருவார்கள். மதியம் பீன்ஸும் பன்றிக்கறியும் ஆப்பிள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் உண்டு.

லுசீல் பிஸொனெட்டுக்கு அன்றைக்கு ஒரே கவலைதான், ஊர் ஆம்புலன்ஸ். சம்பளம் எதுவும் வாங்காமல் அதை வருஷக்கணக்காக ஓட்டுகிறவள் அவள். இனிமேலும் ஊர்ச் செலவில் அந்த வண்டியை வைத்துக்கொள்வதா, கைகழுவிவிடுவதா என்பது அன்றைய ஒன்பதாவது பொருள். கைகழுவினால் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வண்டி வரவேண்டும். பனி கொட்டாத நாளிலேயே முக்கால் மணி நேரம் ஆகும். மாரைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் அதுவரைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

அப்படி விழுந்தவன் வேறு யாருமில்லை, அவள் தம்பி ஆர்மண்ட்தான். போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம், பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டான். லுசீல்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள். அவன் பேசிக்கொண்டிருந்தது மைக்கில். வீட்டின் கீழறையில் ஒரு மைக்கும் காமிராவும் வைத்துக்கொண்டு தினமும் காலையில் இணையத்தில் வாஷிங்டனைக் கிழிகிழியென்று கிழிப்பான். செனட்டில் எவன் தும்மினாலும் ஆர்மண்டுக்குக் கருத்து உண்டு. பாலம் இடிந்து பள்ளிக்கூடப் பஸ் சுற்றிக்கொண்டு போகிற சங்கதிக்கு மட்டும் கருத்து கிடையாது. அதைச் சொன்னால் எவன் பார்ப்பான்?

கூட்டம் தொடங்கினதும் ஆர்மண்ட் எழுந்தான். அன்று புதுச் சட்டை போட்டிருந்தான்.

"தலைவரம்மா, கடைசியில இருக்கிற தீர்மானத்தை முதல்ல எடுத்துக்கணும். டிவிக்காரங்க மத்தியானத்துக்கு மேல இருக்கமாட்டாங்க."

அதிபரைப் பதவியை விட்டு இறக்கச் சொல்லி இந்த ஊர் வாஷிங்டனைக் கேட்டுக்கொள்கிறது என்பது அந்தத் தீர்மானம். வாஷிங்டன் இதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாக்கும். கூட்டத்தை நடத்தின பிரெண்டிஸ் அம்மாள் மூக்குக்கண்ணாடி வழியாக எல்லோரையும் பார்த்து, "வரிசையை மாத்தலாம்ங்கிறவங்க கைதூக்குங்க" என்றாள்.

லுசீலும் தூக்கினாள். தம்பி முகத்தில் அவ்வளவு ஆசை தெரிந்தது. ஒரு அரைமணி நேரம்தானே, பேசிவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

அரைமணி நேரமாம்! ஒருத்தன் அரசியல் சட்டத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தான். இன்னொருத்தன் அவனைத் துரோகி என்றான். மரம் அறுக்கும் வெண்டல் எழுந்து, "எங்க ஆளை நாங்க ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தோம், அவரை இறக்க நீ யாருப்பா?" என்றான். "உங்க ஆளால நாடே நாறுதுய்யா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. போன வாரம்தான் வெண்டலின் லாரியைச் சேற்றிலிருந்து இழுத்துவிட்ட புண்ணியவானுடைய குரல் அது. ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொரு சொல்லைப் போடலாமா என்று ஒரு திருத்தம், அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம். லுசீலும் அந்த அதிபருக்கு ஓட்டுப் போட்டவள் இல்லை. டிவியில் அவர் முகம் வந்தால் அவளுக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். ஆனால் நிமிஷத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள். அதிபர் இந்த ஊரில் விழுந்து கிடக்கப்போவதில்லை.

தீர்மானம் நிறைவேறியபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் விருட்டென்று வெளியே போனார்கள். தட்டினவர்களிலும் முக்கால்வாசிப் பேர் சாப்பிட்டுவிட்டு, நாட்டையே காப்பாற்றிவிட்ட களைப்பில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஆர்மண்ட் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தான். மனைவி க்ளோடெட் கையில் கார்ச் சாவி.

லுசீல் அவன் கையைப் பிடித்தாள். "எங்கடா போறே? ஆம்புலன்ஸ் விஷயம் இன்னும் பேச்சுக்கே வரலை."

"பர்லிங்டன்ல ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டிருக்காங்கக்கா. நேரடி ஒளிபரப்பு. க்ளோடெட்தான் ஓட்டறா, நான் பேசவேண்டியதைப் பார்த்துக்கணும்."

"ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போயேன்."

"ஆம்புலன்ஸை எவன்க்கா வேணாம்பான்? வருஷாவருஷம் பாஸாகறதுதானே."

போய்விட்டார்கள். காலையில் நிற்க இடமில்லாத கூடத்தில் மதியம் முக்கால்வாசி மடக்கு நாற்காலிகள் காலி. வெண்டலும் அவன் கூட்டாளிகளும் அசையவில்லை. அவர்களுக்கு வீட்டு வரி குறையவேண்டும். அதற்காகக் கடைசிவரை உட்காரவும் தெரியும். வாஷிங்டனைப் பற்றிக் கத்தினதில் எதிர்த்தரப்பில் பெரும்பாலோர் கூடத்தைக் காலிசெய்துவிட்டார்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டிருந்தால், அது தப்பில்லை.

லுசீல் எழுந்து பேசினாள். அவளுக்கு மேடைப் பேச்சு வராது. "வெண்டல், உன் மாமியாரை நான்தான் தூக்கிட்டுப் போனேன்" என்றாள்.

"ஆமா லுசீல், மறக்கலை" என்றான் வெண்டல், தலையைக் குனிந்துகொண்டு. "மலைக்கு அந்தப் பக்கம் வண்டி இருக்கில்ல."

பிரெண்டிஸ் அம்மாள் எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினாள். வேணும் என்றவர்கள் முப்பது, வேண்டாம் என்றவர்கள் முப்பத்தொன்று. அடுத்த பொருள், கல்லறை வேலி.

சாயங்காலம் லுசீல் ஆம்புலன்ஸ் கொட்டகையில் வண்டியின் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாருக்காகக் கழுவுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அலமாரி மேலிருந்த சின்ன டிவியில் ஆர்மண்ட் புதுச் சட்டையில் பளிச்சென்று இருந்தான். "ஜனநாயகம் எப்படிச் சாகுது தெரியுமா? நம்ம வேலை முடிஞ்சுதுன்னு மக்கள் எழுந்து வீட்டுக்குப் போறாங்க பாருங்க, அப்பத்தான்" என்று மேஜையைத் தட்டினான். நிகழ்ச்சி நடத்துகிறவள் ரொம்பச் சரி என்று தலையாட்டினாள். லுசீல் கையிலிருந்த ஈரத்துணியை டிவி மேல் விட்டெறிந்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, பார்த்தியா? எப்படி இருந்துச்சு?"

"நல்லாப் பேசினே."

"நாடு முழுக்கப் பார்க்குதாம்க்கா. நாளைக்கும் கூப்பிட்டிருக்காங்க."

"அந்த ஸ்டுடியோ நம்பரைப் பத்திரமா வச்சுக்கோ ஆர்மண்ட்."

"ஏன்க்கா?"

"அடுத்த தடவை மாரு வலிச்சா அவங்களையே கூப்பிடு. எங்கிட்ட வண்டி இல்லை."

அவன் சிரிக்கப் பார்த்தான். அக்கா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான். போனில் காரின் எஞ்சின் சத்தம் கேட்டது, க்ளோடெட் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை ஓட்டுல போச்சு?" என்றான்.

"ஒண்ணு" என்றாள் லுசீல். "உங்க கார்ல ரெண்டு பேர் இருக்கீங்க."