கேன்சர் இல்லை என்றார்கள்

கிரேனின் ஏணியில் பாதி இறங்கியவன் முதுகுவலியில் அதற்குமேல் முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டான். துறைமுகத்தில் கூட வேலை செய்கிறவர்கள் தாங்கி இறக்கினார்கள். "மேலயே உட்கார்ந்து முதுகு துருப்பிடிச்சிருச்சுண்ணே" என்று மாதக்கணக்கில் கிண்டலடித்தவர்கள்தான். அவனும் வலி மாத்திரையிலேயே காலத்தை ஓட்டியிருந்தான். யாரோ அவன் மனைவிக்குப் போன் செய்தார்கள். அவள் அக்கா வீட்டில் இருந்தாள். பிரிந்துவிடலாம் என்று கணவனும் மனைவியும் சத்தமில்லாமல் முடிவெடுத்திருந்தது கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாது.

வந்தவள் கணவனின் வீங்கிய காலையும், இடுப்பில் நிற்காத பேன்ட்டையும் பார்த்தாள். ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனாள்.

மருத்துவர் திரையில் விரல் வைத்தார். "இதயத்துலேருந்து வயித்துக்குள்ள இறங்குற பெரிய ரத்தக்குழாய் இது. இதைச் சுத்தி ஏதோ தடிச்சு வளர்ந்திருக்கு. சிறுநீர்க் குழாயையும் சேர்த்து நெரிக்குது. அதான் கிட்னி வீங்கியிருக்கு."

"கேன்சரா?" அவள்தான் கேட்டாள்.

"இருக்கலாம். சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

முடிவு வரும்வரை அவள் வீட்டிலேயே, வேறு அறையில் தங்கினாள். கேன்சர் என்றால் இருந்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள். அதில் யோசிக்க ஒன்றுமிருக்கவில்லை. கேன்சர் இல்லையென்றால் என்ன செய்வது என்று அவள் யோசிக்கவே இல்லை.

"கேன்சர் இல்ல," என்றார் மருத்துவர். "உடம்போட எதிர்ப்பு சக்தியே தடம்மாறி அந்தக் குழாயைச் சுத்தி அழற்சி உண்டாக்கியிருக்கு. ரொம்ப அபூர்வம். நானே புத்தகத்துலதான் படிச்சிருக்கேன். ஸ்டீராய்டுக்கு அடங்கும். ஆனா திரும்ப வரலாம், வருஷக்கணக்கா பார்க்கணும். வீட்ல ஆள் இருக்காங்கல்ல?"

அவள் மேஜைமேல் கிடந்த ஸ்கேன் படங்களை எடுத்து உறைக்குள் போட்டாள்.

வராந்தாவில் அவன் சொன்னான்: "நீ கிளம்பு. சாகப்போறேன்னுதானே வந்தே." குரலில் குத்தல் இல்லை.

"ஆமா," என்றாள். "இப்படிப் பொழைச்சு வைப்பீங்கன்னு யாரு கண்டா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த சில நாளில் வலி விட்டது. பதிலுக்கு அந்த மருந்து தூண்டும் பசி வந்து உட்கார்ந்துகொண்டது. சாப்பிட்டு எழுந்தவன் மறுபடியும் சமையலறை வாசலில் வந்து நின்றான். அப்போதுதான் அக்கா போன் செய்தாள்.

"அதான் ஒண்ணுமில்லேன்னு ஆயிடுச்சே. எப்ப வர்றே?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவள் அவனுக்காக இன்னொரு முட்டையை உடைத்துக் கல்லில் ஊற்றினாள். எண்ணெயில் அதன் ஓரங்கள் மெல்ல வெளுத்துவந்தன. நடுவில் மஞ்சள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.