கீழே போன கை

என் வீட்டுக்காரர் சன்னாசிக்குக் குஸ்தியில் ஒரே ஒரு வியாதி. எதிராளி மேல் கால் பட்டுவிட்டால், உடனே குனிந்து அவனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

நம்மவர்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். பஸ்ஸில் தெரியாமல் யாரையாவது மிதித்துவிட்டால் கை தானாகப் போகும், எனக்கும்தான். ஆனால் ஒருவன் நம்மைக் கவிழ்க்கக் காத்துக்கொண்டிருக்கும்போது போனால்? அப்படித்தான் இவர் வாராவாரம் கவிழ்ந்துகொண்டிருந்தார்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். சுங்காய் எஸ்டேட்டில் ரப்பர் மரங்களை வெட்டிச் எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு பால் வெட்டும் வேலை போய், நாங்கள் ஈப்போ டவுனுக்கு வந்து சிலிபின் பக்கம் குடியிருந்தோம். அவருக்கு மரப்பட்டறையில் வேலை, எனக்கு பிஸ்கட் கம்பெனியில். மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த ஹாலில் அந்தோணிமுத்து என்பவர் குஸ்தி சொல்லிக்கொடுத்தார். பட்டாளத்தில் கற்றவர், இவர் வயசுதான் இருக்கும். பட்டறை மரத்தூளைக் கான்வாஸில் அடைத்து அந்த ஹாலுக்கு மெத்தை தைத்தது நான். அதனால் அங்கே போய் உட்கார்ந்து பார்க்க எனக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

அந்த வருஷம் பேராக் மாநிலக் குஸ்திக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். இவருடைய எடைக்கு ஓர் இடம்தான். அதற்கு இவரும் அதே ஹாலில் பழகிய லியோனார்டும் மோத வேண்டும். லியோனார்ட் இவரைவிட வயசில் ரொம்பச் சின்னவன், எண்ணெய் தடவினவன் மாதிரி வழுக்குவான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போட்டி. எவன் தோள் இரண்டும் மெத்தையில் படுகிறதோ அவன் வீட்டுக்குப் போகலாம். எஸ்டேட்டை விட்டு வந்ததிலிருந்து இவர் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. முதுகில் 'பேராக்' என்று எழுதின அந்தச் சட்டையை மட்டும் ஆசைப்பட்டுக் கேட்டார். அதையும் என்னிடம்தான் கேட்டார், நான் என்ன பண்ண முடியும்?

அந்தோணிமுத்து அவருக்குப் பழக்கியது காலிடறல். ஒரு கையால் எதிராளியின் கழுத்தைக் கட்டி, மறு கையால் அவன் கையைப் பிடித்து, காலை அவன் குதிகாலுக்குப் பின்னால் கொக்கி மாதிரி போட்டு நெஞ்சால் தள்ள வேண்டும். மணல்மூட்டையிடம் இவர் அதை அருமையாகச் செய்வார். மனுஷனிடம் போனால், கால் பட்ட மாத்திரத்தில் வலது கை பிடியை விட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடும். தொட்டுவிட்டுக் கண்ணுக்குப் போகும். அதற்குள் லியோனார்ட் இவரை மல்லாத்தியிருப்பான். 'கும்பிடு பயில்வான்' என்று பேரும் வைத்துவிட்டான். அந்தோணிமுத்து அந்தக் கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கூடப் பார்த்தார். துண்டு கிழிந்ததுதான் மிச்சம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. லியோனார்ட் மேல் இல்லை, அந்தக் கை மேல்.

போட்டி நெருங்கிய ஒரு சாயங்காலம் நான் நின்றுகொண்டு வெங்காயம் உரித்தேன். இவர் வந்து என் காலில் கொக்கி போட்டுப் பழகிப் பார்த்தார். பட்டதும் குனிந்து, கட்டின பெண்டாட்டி காலையே தொட்டார்.

"போற கை போகட்டும்லா," என்றேன். "அது நிக்காதுன்னு தெரிஞ்சு போச்சு. கீழ போன கை ஏன் வெறுங்கையா திரும்பி வருது? குதிகாலப் பிடிச்சுக்கிட்டு வரட்டுமே."

ஆத்திரத்தில் சொன்னதுதான். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கழுத்தை வளைத்துப் பிடித்தார். கால் பட்டது, கை இறங்கியது, குதிகாலைப் பிடித்து இழுத்தது. நான் அரிசி மூட்டை மேல் போய் விழுந்தேன். வெங்காயம் வீடெல்லாம் உருண்டது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் அக்கா விளக்குமாற்றோடு ஓடிவந்து, பெண்டாட்டியையா அடிக்கிறாய் என்று அவரைச் சாத்தப் போய்விட்டாள். நான் சிரித்துக்கொண்டே விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தோணிமுத்து விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். கழுத்தைச் சும்மா பிடித்தால் போதாது. எந்தக் காலைப் பிடிக்கப் போகிறோமோ அதன் மேலேயே எதிராளியின் தலையை இழுத்துச் சாய்க்க வேண்டும். உடம்புக் கனம் முழுக்க அதில் இறங்கிவிட்டால், அந்தக் காலைத் தூக்கி அவனால் தப்ப முடியாது. லியோனார்ட் வராத நேரமாகப் பார்த்து இரண்டு பேரும் அதைப் பழகினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த கூட்டம் அப்படியே ஹாலுக்கு வந்துவிட்டது. ஆரம்பித்ததுமே லியோனார்ட் குனிந்து பாய்ந்து இவருடைய இரண்டு காலையும் வாரினான். இவர் குப்புறப் புரண்டு தப்பித்தார். மறுபடியும் வாரினான், மறுபடியும் குப்புறப் புரண்டார். தோள் படவில்லையே தவிர, எழுந்தபோது அவருக்கு மேல்மூச்சு வாங்கியது.

அப்புறம் லியோனார்டுக்குக் குறும்பு வந்துவிட்டது. இடது காலை வேண்டுமென்றே முன்னால் நீட்டி வைத்தான். கூட்டம் சிரித்தது. இவர் அவன் கழுத்தை வளைத்துக்கொண்டு அந்தக் காலைத் தட்டினார். கால் பட்டது. வலது கை கீழே இறங்கியது. அது கண்ணுக்குப் போகட்டும், அப்புறம் தள்ளலாம் என்று லியோனார்ட் சிரித்துக்கொண்டே காத்திருந்தான்.

கை கண்ணுக்குப் போகவில்லை. குதிகாலைக் கவ்விக்கொண்டு அங்கேயே இருந்தது. இடது கை அவன் தலையை அந்தக் கால் மேலேயே அழுத்தியது. முகத்திலிருந்த சிரிப்பு மாறுவதற்குள், வலது கை இழுத்த இழுப்பில் அவன் கால் மேலே வந்துவிட்டது, முதுகு மெத்தைக்குப் போய்விட்டது. இவர் நெஞ்சைக் கொடுத்து அமுக்கினார். அந்தோணிமுத்து தரையோடு தரையாகப் படுத்து இரண்டு தோளையும் பார்த்துவிட்டு மெத்தையை ஓங்கி அடித்தார்.

நான் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றுவரை தெரியாது. அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இருந்ததில்லை. அவரிடமே இதைச் சொல்லியிருக்கிறேன்.

ஜெயித்தவர் கையைத் தூக்கிக் காட்ட அந்தோணிமுத்து வந்தார். இவர் கையைக் கொடுக்கவில்லை. குனிந்து லியோனார்டின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மல்லாந்து கிடந்தபடியே லியோனார்ட் கேட்டான், "இப்ப எதுக்குண்ணே? அதான் ஜெயிச்சாச்சே."

"முதல்ல கால் பட்டுச்சுல்ல தம்பி," என்றார் இவர். "அதுக்கு."

லியோனார்ட் எழுந்தான். அந்தோணிமுத்துவை ஒதுங்கச் சொல்லிவிட்டு, அந்த வலது கையைத் தானே பிடித்து எல்லாரும் பார்க்க உயரத் தூக்கினான்.